பிழை உங்கட இங்கிலீஷில் இல்லை: கிற் கையேடு பற்றி ஒரு மதிப்புரை

கோப்புகளில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கிற ‘கிற்’ (Git) என்ற கருவியை இங்கே மதிப்பிடப் போவதில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்றைக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்கு அது இல்லாமல் சரிவராது. நான் எடுத்துக்கொண்டது கிற்றோடு சேர்ந்து வந்து கணினிக்குள் சத்தமில்லாமல் குந்தியிருக்கும் கையேட்டை. அதிலும், ஒவ்வொரு கொமாண்டின் கீழும் ஒப்சன்களை (கொமாண்டோடு சேர்த்து அடிக்கிற ‘-’, ‘--’ சொற்களை) விளக்குகிற பகுதியை மட்டும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளைப் பழக்கி எடுப்பது என் பொறுப்பு. கம்பஸிலிருந்து வருகிறார்கள், கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலிருந்து வருகிறார்கள், கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்தும் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் முகம் சுண்டிப்போய் வந்து நிற்பார்கள்.

“அக்கா, என்ர இங்கிலீஷ் காணாது போல கிடக்கு. திரும்பத் திரும்ப வாசிச்சும் விளங்கேல்லை.”

உயர்தரம் வரைக்கும் தமிழிலேயே படித்த பிள்ளைக்கு இந்த நினைப்பு வருவது புதினமில்லை. சந்திக்குச் சந்தி ஸ்போக்கின் இங்கிலீஷ் வகுப்பு விளம்பரம் தொங்குகிற ஊர் இது. விளங்காத எதற்கும் இங்கிலீஷில்தான் பழியைப் போடுவோம். எனக்கு அதில் சந்தேகம் வந்தபடியால், கையேட்டை நானே ஒரு வாசகியாக இருந்து ஆறுதலாக வாசித்தேன். சொல்ல வேண்டியது இதுதான்: இங்கிலீஷ் லேசு. சின்னச் சின்ன வசனங்கள். ஓ லெவல் இங்கிலீஷ் போதும். பிரச்சினை, எதை முதலில் சொல்ல வேண்டுமோ அதைக் கடைசியில் சொல்கிறது, சில இடங்களில் சொல்லாமலே விடுகிறது.

பரிசோதிக்க என்னிடம் ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரு ஒப்சனின் பந்தியைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுப்பேன். வாசித்து முடிந்ததும் லப்ரொப்பை மூடிவிட்டு ஒரு கேள்வி மட்டும்: “உதை இப்ப ஓட்டினால் உம்மட எந்த வேலை அழியும்?” பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பந்தி பாஸ்.

பழைய நிலைக்குத் திருப்புகிற ‘றீசெற் --ஹார்ட்’ (reset --hard) பாஸாகவில்லை. எங்கள் ஒபிஸ் கணினிகளில் கிடக்கிற பதிப்பில் அந்தப் பந்தி, இன்டெக்ஸையும் (அடுத்துச் சேமிக்க எடுத்து வைத்தவை) வேர்க்கிங் ட்ரீயையும் (நீங்கள் வேலை செய்கிற கோப்புகள்) மீளமைக்கும் என்று தொடங்குகிறது. பிறகுதான், குறிப்பிட்ட கொமிற்றுக்கு (கிற்றில் சேமித்த ஒரு நிலைக்கு) பின் கிற் கண்காணிக்கிற கோப்புகளில் செய்த மாற்றங்கள் கைவிடப்படும் என்கிறது. கடைசியாக ஒரு வசனம்: கண்காணிக்கப்படாத கோப்போ கோப்புறையோ வழியில் குறுக்கே கிடந்தால் அதுவும் அழிக்கப்படும், அவ்வளவுதான். எழுதியவருக்கு அது ஒரு சாதாரண விஷயம் என்ற தொனியிலேயே அந்த வசனம் நிற்கிறது. பூச்சிமருந்துப் போத்தலின் முன்பக்கத்தில் மருந்தின் இரசாயனப் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, முகத்தை மூடச் சொல்வதை அடியில் பொடி எழுத்தில் போட்ட மாதிரி.

வாசிக்கிற பிள்ளைக்கு உண்மையில் தெரிய வேண்டிய வித்தியாசம் அந்தப் பந்தியில் இல்லவே இல்லை. கொமிற் செய்த வேலையை றீசெற் பின்தள்ளிவிட்டாலும் றிஃப்லொக்கில், அதாவது பழைய நிலைகளைக் கிற் குறித்து வைக்கிற ஏட்டில், தேடி எடுக்கலாம். வழமையான அமைப்பில் அந்தப் பதிவு 90 நாள் இருக்கும், எந்தப் பிராஞ்சிலிருந்தும் (வேலைக் கிளையிலிருந்தும்) எட்ட முடியாமல் போனவற்றின் பதிவு 30 நாள். கொமிற் செய்யாமல் கோப்பில் மட்டும் இருந்த மாற்றத்துக்கு அந்த வசதி கிடையாது. போனால் போனதுதான். இது கிற்றுக்குத் தெரியும், கையேட்டின் வேறு பக்கங்களிலும் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் ‘--ஹார்ட்’ என்ற பந்தியைத் திறந்து பார்க்கிறவர் றிஃப்லொக் பக்கத்துக்கு எப்படிப் போவார்?

எங்கள் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பது இப்படி: “கொமிற் செய்யாத மாற்றம் எல்லாம் போகும், திரும்பி வராது. கொமிற் செய்தது தற்காலிகமாகக் கண்ணில் படாது, தேடி எடுக்கலாம். முதலில் கிற் ஸ்ரேற்றஸ் பார்.” இதைக் கையேட்டில் போட வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் முதல் வசனம் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதே கையேட்டில் சரியாக எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. கோப்பை நீக்குகிற ‘ஆர்எம் --கேஷ்ட்’ (rm --cached) பந்தியைப் பாருங்கள். இன்டெக்ஸிலிருந்து மட்டும் எடுக்கும், உங்கள் வேர்க்கிங் ட்ரீயில் இருக்கிற கோப்பு மாற்றப்பட்டிருந்தாலும் மாற்றப்படாவிட்டாலும் அப்படியே விடப்படும். எது போகும், எது நிற்கும், இரண்டும் இரண்டு வசனத்தில் முடிந்தது. என் கேள்விக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பந்தியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது உங்கள் கணினியைப் பற்றி மட்டும் கதைக்கிறது. கடவுச்சொற்கள் இருக்கிற அமைப்புக் கோப்பைத் தவறுதலாக றெப்போவுக்குள் (கிற்றின் சேமிப்பிடத்துக்குள்) போட்டுவிட்டால், எல்லோரும் செய்வது இந்த ‘--கேஷ்ட்’ வைத்தியம்தான். செய்தவரின் கணினியில் கோப்பு பத்திரமாக இருக்கும், கையேடு சொன்னபடியே. அந்தக் கொமிற்றைப் புல் செய்கிற (தன் கணினிக்கு இறக்குகிற) பக்கத்து மேசைக்காரரின் கணினியில் கோப்பு அழிந்துபோகும், ஏனென்றால் அவருக்கு அது ஒரு கோப்பு நீக்கப்பட்ட கொமிற். பழைய கொமிற்றுகளுக்குள் கடவுச்சொல் இன்னும் கிடக்கிறது என்பது வேறு கதை. ஒப்சன் பந்தி இவ்வளவையும் சுமக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு வசனம் கூடச் சுமக்கலாம் என்பது என் கட்சி. கிற் என்பதே பலர் சேர்ந்து வேலை செய்யத்தானே.

‘-என்’ (-n) என்ற ஒப்சன் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

கோப்பைச் சேர்க்கிற ‘கிற் அட்’டில் ‘-என்’ என்றால் டிறை-றன்: ஒன்றும் செய்யாமல், செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். ‘ஆர்எம்’, ‘எம்வி’, ‘கிளீன்’, ‘புஷ்’ எல்லாவற்றிலும் அதேதான். ஆக, பிள்ளை ஒரு முடிவுக்கு வருகிறது: ‘-என்’ போட்டால் பயமில்லை. நல்ல முடிவு, எந்தப் புத்தியுள்ள ஆளும் அப்படித்தான் நினைப்பார். பிறகு ‘கொமிற் -என்’ அடிக்கிறது. அது ‘--நோ-வெரிஃபை’. பரிசோதனை ஹூக்குகளை (கொமிற்றின்போது தானாக ஓடுகிற ஸ்கிரிப்டுகளை) தாண்டிக்கொண்டு நேராகக் கொமிற் ஆகிவிடும். டிறை-றன் என்றால் முழுப்பெயரை எழுத வேண்டும். ‘மேர்ஜ்’, ‘றீபேஸ்’ இரண்டிலும் ‘-என்’ என்றால் மாற்றச் சுருக்கத்தைக் காட்டாதே. ‘ஃபெச்’சில் ராக்குகளை (கொமிற்றுகளுக்கு வைத்த பெயர்ச்சீட்டுகளை) எடுக்காதே. ‘செரி-பிக்’, ‘றிவேர்ட்’ இரண்டிலும் கொமிற் செய்யாதே. ‘குளோன்’ என்றால் கோப்புகளை வெளியே எடுத்து வைக்காதே. ‘லொக்’கில் வந்தால் எத்தனை கொமிற் காட்ட வேண்டும் என்ற எண்ணிக்கை.

ஒவ்வொரு பக்கத்தையும் தனியே எடுத்தால் விளக்கம் சரி. ‘கொமிற்’ பக்கத்தில் உள்ளது நல்ல பந்திகூட: வழமையாக இந்த ஹூக்குகள் ஓடும், இந்த ஒப்சன் கொடுத்தால் ஓடாது என்று வழமையை முதலில் சொல்லி, மாற்றத்தைப் பிறகு சொல்கிறது. கையேட்டில் எல்லாப் பந்தியும் இப்படித் தொடங்கியிருந்தால் எனக்கு வேலை குறைவு. ஆனால் ‘அட்’டிலிருந்து வந்தவருக்கு இங்கே ‘-என்’ வேறு ஆள் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஏன் இப்படி என்பது விளங்காத விஷயமும் அல்ல. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார், அதே வருடம் ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரிக்கிறார், நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் தங்கள் தேவைக்கு எழுதிச் சேர்த்தார்கள். இனி எழுத்தை மாற்றினால் உலகம் முழுக்க எத்தனையோ ஸ்கிரிப்டுகள் உடையும். கொமாண்டை மாற்ற முடியாது, சரி. கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் என்ன உடையும்?

‘கிளீன்’ பக்கம் எனக்குப் பிடித்த பக்கங்களில் ஒன்று. கண்காணிக்கப்படாத கோப்புகளை அழிக்கிற கொமாண்ட் என்பதை எழுதியவர்கள் மறக்கவில்லை. வழமையான அமைப்பில் ‘-எஃப்’ கொடுக்காமல் அது கை வைக்காது. ஆனால் அங்கேயும் சின்ன எக்ஸ், பெரிய எக்ஸ் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சின்ன எக்ஸ், புறக்கணிக்கச் சொன்ன கோப்புகளையும் சேர்த்து அழிக்கும். பெரிய எக்ஸ், புறக்கணிக்கச் சொன்னவற்றை மட்டும் அழிக்கும். கம்பைல் செய்து வந்த குப்பையைத் துப்புரவாக்கப் பெரிய எக்ஸ் நல்லது. நேற்று முழுக்க எழுதி இன்னும் ‘அட்’ செய்யாத புதுக் கோப்பு இருக்கிறவர் சின்ன எக்ஸை அடித்தால் அதுவும் துப்புரவாகும். பந்திகள் இரண்டும் அடுத்தடுத்து, தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. கப்ஸ் லொக் கைக்கு அடங்கும் தூரத்தில் இருப்பதற்குக் கையேடு என்ன செய்யும்.

‘செக்கவுற்’ பக்கத்தைப் பற்றி எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒரே கொமாண்ட் பிராஞ்சும் மாற்றும், கோப்பில் செய்த வேலையையும் அழிக்கும் என்பதைப் பிரிக்கத்தான் 2019 ஓகஸ்ட்டில் கிற்றின் 2.23 பதிப்பில் ‘சுவிற்ச்’சும் ‘றிஸ்ரோரு’ம் வந்தன. நல்ல பக்கங்கள், பிள்ளைகளுக்கு இவற்றைத்தான் முதலில் காட்டுகிறேன். ஆனால் ‘இது பரிசோதனைக் கொமாண்ட், நடத்தை மாறலாம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை அந்தப் பக்கங்களில் வருடக்கணக்காக நின்றது. 2025 ஓகஸ்ட்டில் வந்த 2.51 வரைக்கும். அதை வாசித்துவிட்டுப் பழைய ‘செக்கவுற்’றுக்கே திரும்பிய பிள்ளைகள் எங்களிடமே இருக்கிறார்கள். பெரிய எழுத்துக்கு அவ்வளவு மரியாதை. ‘--ஹார்ட்’டுக்கு வைக்க வேண்டிய பெரிய எழுத்தை இங்கே வைத்தார்கள்.

‘--கேஷ்ட்’, ‘--இன்டெக்ஸ்’, ‘--ஸ்ரேஜ்ட்’ குழப்பம் தனி. ஒரே இடத்துக்குக் கிற் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பெயர் வைத்ததன் மிச்சம் அது. ‘டிஃப்’பில் ‘--ஸ்ரேஜ்ட்’ என்பதும் ‘--கேஷ்ட்’ என்பதும் ஒன்றுதான். ‘அப்ளை’ மாதிரிக் கொமாண்டுகளில் ‘--கேஷ்ட்’ வேறு, ‘--இன்டெக்ஸ்’ வேறு: முதலாவது இன்டெக்ஸில் மட்டும் வேலை செய்யும், இரண்டாவது கோப்பிலும் இன்டெக்ஸிலும் சேர்த்துச் செய்யும். இந்த வித்தியாசத்தைப் பளிச்சென்று சொல்கிற இடம் ஒன்று கையேட்டில் உண்டு. ‘கிற் ஹெல்ப் சிஎல்ஐ’ என்று அடித்தால் வரும். ஒருவரும் அதை அடிப்பதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பக்கம் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. ஒப்சன்களை எப்படி எழுதுவது, கோப்பின் பெயரும் பிராஞ்சின் பெயரும் ஒன்றாக இருந்தால் நடுவில் இரட்டைக் கோடு ஏன் போட வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது முதல் நாள் வாசிப்பு அதுதான். உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

இனி, கையேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பந்தி. கொமிற்றுகளை வெளியே அனுப்புகிற ‘புஷ்’ பக்கத்தில் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’.

நீளம். பார்த்தவுடன் பிள்ளைகள் பக்கத்தை உருட்டிக்கொண்டு கீழே போய்விடுவார்கள். நான் பிடித்து இருத்தி வாசிக்க வைப்பேன். முதலில் வழமையைச் சொல்கிறது: உங்கள் வேலைக்கு மூதாதையாக இல்லாத றிமோற் (எல்லோரும் பகிர்கிற இடத்திலுள்ள) பிராஞ்சை மேலெழுதப் புஷ் மறுக்கும். இந்த ஒப்சன் அந்தத் தடையை எப்போது தளர்த்தும் என்று சொல்கிறது. அதற்குப் பிறகு ஒரு நிலைமையை வாசகரின் முன் வைக்கிறது: ஏற்கெனவே வெளியிட்ட வேலையை நீங்கள் றீபேஸ் செய்ய (வேறொரு கொமிற்றுக்கு மேல் திரும்ப அடுக்க) வேண்டி வந்துவிட்டது, அதற்கிடையில் வேறொருவர் உங்கள் பழைய வேலைக்கு மேல் தன்னுடைய கொமிற்றைப் போட்டுவிட்டார், இப்போது கண்ணை மூடிக்கொண்டு ‘--ஃபோர்ஸ்’ அடித்தால் அவருடைய வேலை தொலையும். இந்தக் கதையைக் கேட்ட பிறகு ஒப்சன் எதற்கு என்று விளக்கத் தேவையே இல்லை. மறுபேச்சில்லாமல் பாஸ்.

அதோடு நிற்கவில்லை. தன் சொந்த ஒப்சனின் பலவீனத்தையும் அதே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்பார்க்கிற கொமிற்றை நீங்கள் குறிப்பிட்டுக் கொடுக்காவிட்டால், பின்னணியில் ஏதோ ஒன்று ஃபெச் செய்துவிட்டால் (றிமோற்றின் புது நிலையை இறக்கிவிட்டால்) பாதுகாப்புப் போச்சு. நீங்கள் பார்க்காத கொமிற்றையும் பார்த்ததாகக் கிற் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு எடிட்டர்களே பின்னணியில் ஃபெச் செய்கிற காலம், ஆக இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் எச்சரிக்கையும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க 2020 டிசம்பரில் வந்த 2.30இல் ‘--ஃபோர்ஸ்-இஃப்-இன்குளூட்ஸ்’ சேர்த்தார்கள். அந்தப் பந்தி மட்டும் மறுபடி பழைய பாணி: வாசிக்க மூச்சு முட்டும்.

பக்கத்திலேயே கிடக்கிற வெறும் ‘--ஃபோர்ஸ்’ பந்தியையும் பாராட்ட வேண்டும். றிமோற்றில் கொமிற்றுகள் தொலையலாம், கவனமாகப் பாவியுங்கள் என்று நேரே சொல்கிறது.

‘மேர்ஜ்’ மோதலில் (இரு பக்கத்து மாற்றங்கள் முட்டும்போது) எந்தப் பக்கத்தை எடுப்பது என்று சொல்கிற ‘--அவர்ஸ்’, ‘--தெயர்ஸ்’ றீபேஸின்போது இடம் மாறித் தோன்றும் என்பதைச் ‘செக்கவுற்’ பக்கம் ஒளிக்காமல் சொல்கிறது, காரணத்தையும் சொல்கிறது. காரணம் விளங்கத்தான் கொஞ்சம் நாளெடுக்கும். ஒதுக்கி வைத்த மாற்றத்தை (ஸ்ராஷை) திரும்ப எடுக்கிற ‘ஸ்ராஷ் பொப்’ பந்தி நன்று: மோதல் வந்தால் ஸ்ராஷ் அழியாது, நீங்களே தீர்த்துவிட்டு நீங்களே ‘ட்ரொப்’ செய்யுங்கள் என்று பதறுகிறவருக்கு வேண்டிய வசனம் அங்கே இருக்கிறது. ‘கொமிற் --அமென்ட்’ மட்டும் என்னைக் கோபப்படுத்துகிறது. வெளியிட்ட கொமிற்றைத் திருத்தினால் வரும் விளைவுகளை நீங்கள் புரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, புரிவதற்கு றீபேஸ் பக்கத்தின் ஒரு பகுதிக்கு அனுப்பிவிடுகிறது. புரியாமல்தானே இங்கே வந்தது! போய்ப் பார்த்தால் அந்தப் பகுதி மிக நல்ல எழுத்து. கொமிற்றுகளைக் கோடிழுத்துக் காட்டிய படங்கள், எங்கள் கணித ஆசிரியர்மார் கரும்பலகையில் போடுகிற துப்புரவோடு. அங்கே இவ்வளவு எழுதத் தெரிந்தவர்கள் இங்கே எழுத வேண்டிய ஒரு வரியை எழுதவில்லை.

ஒரு பெரிய நன்மையைச் சொல்ல வேண்டும். கையேடு முழுக்க உங்கள் கணினியிலேயே இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்தபோது றூட்டர் செத்துக் கிடந்தது, ஃபோனில் சிக்னலும் ஒழுங்கில்லை. லப்ரொப் பற்றரி இருக்கும்வரை ‘கிற் ஹெல்ப்’ வேலை செய்தது. விண்டோஸில் அது பிறவுசரில் திறந்தாலும் திறப்பது கணினிக்குள் இருக்கிற பக்கத்தைத்தான். இதைக் கேட்டு ஆச்சரியப்படாத பயிற்சிப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. இன்னொன்று, ‘-எச்’ என்று மட்டும் கொடுத்தால் ஒப்சன்களின் சுருக்கப் பட்டியல் அந்த இடத்திலேயே வரும். பெயர் மறந்தவருக்கு அது போதும். ‘--ஹெல்ப்’ என்று முழுதாகக் கொடுத்தால் முழுப் பக்கமும் வந்து இறங்கும்.

புதிய பதிப்புகளில் சில பக்கங்களைத் திருத்தி எழுதி வருகிறார்கள், ஒப்சன்களையும் நிரப்ப வேண்டிய இடங்களையும் காட்டுகிற முறையையும் ஒரே சீராக்குகிறார்கள். ஆகவே உங்கள் கணினியில் இருப்பது பழையதென்றால் முதலில் கிற்றைப் புதுப்பித்துவிட்டு வாசியுங்கள். நான் மேலே குறை சொன்ன ஒரு பந்தி அதற்குள் நல்லதாக மாறியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ஏற்கெனவே கிற் தெரிந்தவருக்கு நாலரை, புதிதாக வருகிறவருக்கு இரண்டரை. புதிதாக வருகிறவர் ‘டிஸ்க்ரிப்சன்’ பகுதியோடு மல்லுக்கட்டாமல் நேரே அடியிலுள்ள ‘எக்ஸாம்பிள்ஸ்’ பகுதிக்குப் போங்கள், அதை வாசித்துவிட்டு மேலே வாருங்கள். ‘றீசெற்’ பக்கத்தின் உதாரணங்கள் அதன் ஒப்சன் விளக்கத்தைவிட எத்தனையோ மடங்கு மேல். அதில் பல, நீங்கள் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலை வைத்துத்தான் விளக்கும்.

கம்பஸுக்கு முன்னாலிருக்கிற ஃபோட்டோகொப்பிக் கடைகளில் பிறிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு: ‘சிஎல்ஐ’, ‘குளோசரி’, ‘எவ்ரிடே’, ‘றிஸ்ரோர்’, ‘சுவிற்ச்’ இவ்வளவும் எடுங்கள். ‘கொன்ஃபிக்’ பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். கடைக்காரர் தாள் முடிந்துவிட்டது என்று சொல்வார்.